மென்பொருள் நிறுவனம் ஏன் சரிகிறது? அறிகுறி பார்த்துக் கோளாறு தேடும் வழிமுறை

ஒரு மென்பொருள் நிறுவனம் மூடப்பட்டால் வெளியே சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் போட்டி, முதலீடு, சந்தை நிலவரம். உள்ளே வேலை பார்த்தவர்களிடம் கேட்டால், "அந்த பக் ரொம்ப நாளா இருந்துச்சு, எல்லாருக்கும் தெரியும்" என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த கோளாறு ஏன் அப்படியே கிடக்கிறது? நான் பார்த்தவரை, முடிவெடுப்பவரின் மேசைக்குப் போய்ச் சேரும் முன்பே யாராவது அதைத் தாங்கிக்கொண்டுவிடுகிறார்கள். எங்கே, யார் தாங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த வழிமுறை.

சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் நிறுவனத்தில் நிரலாளராகவோ, சப்போர்ட்டிலோ, பொறுப்பிலோ இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் அறிகுறிக்குரிய பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் முதல் பகுதியை எல்லோருமே செய்துவிட்டுப் போங்கள்.

முதல் வேலை: கஸ்டமர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

பில்லிங் மென்பொருள் என்றால், "தொகை சரியாக, வரிசை எண் பிசகாமல், அழுத்தியவுடன் பில் வர வேண்டும்." குறிப்பெடுக்கும் ஆப் என்றால், "நான் எழுதியது எந்தக் கருவியில் திறந்தாலும் அப்படியே இருக்க வேண்டும்." உங்கள் வரியில் 'தளம்', 'தீர்வு', 'அனுபவம்' போன்ற சொற்கள் வந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். எந்தக் கஸ்டமரும் அப்படிப் பேசுவதில்லை.

அப்புறம் கடந்த மூன்று மாத டிக்கெட்டுகளை, அதாவது கோளாறு என்று வந்த புகார்ப் பதிவுகளை எடுத்து, அந்த வரியைத் தொடுகிறவற்றைத் தனியாகப் பிரித்தெடுங்கள். மூடப்பட்டவற்றையும் சேர்த்துத்தான். "எங்கள் கணினியில் அந்தக் கோளாறு வரவில்லை", "அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்", "மாற்று வழி சொல்லப்பட்டது" என்று எழுதி மூடியவை மாத அறிக்கையில் தீர்ந்தவையாக ஏறியிருக்கும். கஸ்டமருக்கு எதுவும் தீர்ந்திருக்காது. ஒரு டிக்கெட்டுக்கு எதிரே அதைச் சரிசெய்த நிரல் மாற்றம் எது என்று காட்ட முடியவில்லை என்றால், அதைத் திறந்திருப்பதாகவே கணக்கில் வையுங்கள். இதைச் செய்து முடித்தாலே பாதி நிலவரம் புரிந்துவிடும்.

அறிகுறி: மெதுவாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், கூட்டத்தில் மட்டும் அந்தப் பேச்சே இல்லை

2003-ல் ஃபிரெண்ட்ஸ்டர் இந்த நிலையில்தான் இருந்தது. ஜோனதன் ஏப்ரம்ஸ் தொடங்கிய அந்தச் சமூக வலைத்தளத்தில் சில மாதங்களிலேயே லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். அதே ஆண்டு கூகுள் 3 கோடி டாலருக்கு வாங்கக் கேட்டது. ஏப்ரம்ஸ் மறுத்துவிட்டு, கிளைனர் பெர்கின்ஸ், பெஞ்ச்மார்க் ஆகிய முதலீட்டு நிறுவனங்களிடம் பணம் வாங்கினார். இயக்குநர் குழுவில் கிளைனர் பெர்கின்ஸின் ஜான் டோயர், யாஹூவை நடத்திய டிம் கூகல், சென்னை லயோலா கல்லூரியில் படித்து கூகுளின் தொடக்க முதலீட்டாளர்களில் ஒருவரான ராம் ஸ்ரீராம் என்று பெரிய பெயர்கள். தளத்திலோ ஒரு பக்கம் திறக்கச் சில நேரம் 40 விநாடி வரை ஆனது. கூட்டங்களில் இணையவழித் தொலைபேசி, புதிய மொழிகள், பெரிய விளம்பர ஒப்பந்தங்கள் பற்றிப் பேசினார்கள். பக்கம் திறக்கவில்லை என்ற விஷயம் பின்னால் தள்ளப்பட்டது.

ஏன் அவ்வளவு மெதுவாக இருந்தது? ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போதே, அவருக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் இடையிலான தொடர்பை நான்கு படி வரை தளம் கணக்கிட்டது. அதாவது நண்பரின் நண்பரின் நண்பரின் நண்பர் வரை. ஒவ்வொருவருக்கும் 50 நண்பர்கள் என்று வைத்துப் பாருங்கள். இரண்டாம் படியில் 2,500, மூன்றாவதில் 1,25,000, நான்காவதில் 62,50,000. பொதுவான நண்பர்களைக் கழித்தால் எண்ணிக்கை குறையும், ஆனாலும் லட்சத்தில்தான் நிற்கும். சர்வர் வாங்கிக் குவித்து இதைச் சமாளிக்க முடியாது, ஏனென்றால் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே இருப்பவர்களின் பக்கத்தை இன்னும் மெதுவாக்குகிறார். வளர்ச்சியே கோளாறை வளர்த்தது.

2004-ல் தளத்தை ஜாவா என்ற நிரல்மொழியிலிருந்து பிஎச்பி என்ற இன்னொரு மொழிக்கு மாற்றி வேகத்தைக் கூட்டினார்கள். அதற்குள் அமெரிக்க உறுப்பினர்கள் போட்டித் தளமான மைஸ்பேஸ் பக்கம் போயிருந்தார்கள். ஃபேஸ்புக் அதே ஆண்டு கல்லூரி கல்லூரியாகத் திறந்து, ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி டேட்டாபேஸ் வைத்துத் தொடங்கியது. அதனால் கணக்கு தொடக்கத்தில் ஒரு வளாகத்துக்குள் அடங்கியது. ஃபிரெண்ட்ஸ்டரைப் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசிய மக்கள் பல ஆண்டு தாங்கிப் பிடித்தார்கள். 2009-ல் மலேசியாவின் எம்ஓஎல் நிறுவனம் வாங்கியது, 2011-ல் அது விளையாட்டுத் தளமானது, 2015-ல் நின்றது.

உங்கள் நிறுவனத்தில் பார்க்க வேண்டியவை:

சராசரி நேரத்தை நம்பாதீர்கள். நூறு கோரிக்கைகளை வேக வரிசையில் அடுக்கி, 95-ஆவதாக நிற்பது எவ்வளவு நேரம் எடுத்தது என்று பாருங்கள். அந்த எண்ணையும் பெரிய கஸ்டமர்களுக்குத் தனியாக எடுங்கள். பல ஆண்டாக உங்களோடு இருந்து, நிறைய டேட்டா சேர்த்து, அதிகக் கட்டணம் கட்டுகிறவருக்குத்தான் உங்கள் மென்பொருள் மிக மெதுவாக ஓடும். டெமோ கணக்கில் பத்து வரி டேட்டா இருக்கும், அது பறக்கும். முதலாளியும் இயக்குநர்களும் பார்ப்பது டெமோ கணக்கைத்தான்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் உங்கள் மிகப் பெரிய கஸ்டமருடைய டேட்டாவின் நகலை, பெயர் விவரங்களை மறைத்து, சாதாரண மொபைல் இணைப்பில் திறந்து காட்டுங்கள். பக்கம் வரும்வரை யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 20 விநாடி எவ்வளவு நீளம் என்று அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியட்டும். அதன் பிறகு, பக்கம் திறக்கும்போது நடக்கும் கணக்குகளில் எதை முன்கூட்டியே செய்து வைக்கலாம், எதை அடியோடு விடலாம் என்று பட்டியல் போடுங்கள். 'விடலாம்' என்பதை முதலில் பாருங்கள். நான்காவது படியைக் கைவிட்டிருந்தால் ஃபிரெண்ட்ஸ்டர் உறுப்பினர்களில் எத்தனை பேர் வருந்தியிருப்பார்கள்?

அறிகுறி: சப்போர்ட்டில் ஒருவர் லீவு போட்டால் எல்லாம் தடுமாறுகிறது

இதுதான் கண்ணுக்குத் தெரியாமல் மிக அதிகமாக நடப்பது. ஒரு பில்லிங் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். கடைகள் திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால், சப்போர்ட்டில் இருந்த மூத்தவர் தன் கணினியில் ஒரு நோட்பேட் ஃபைலைத் திறப்பார். உள்ளே பதினைந்து இருபது வரி எஸ்க்யூஎல், அதாவது டேட்டாபேஸுக்கு நேரடியாகக் கொடுக்கும் கட்டளைகள். கடையின் எண்ணை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டுவார். முந்தைய நாள் இரண்டு பில்லுக்கு ஒரே எண் விழுந்திருந்தால், பின்னால் வந்ததற்கு அது வேறு எண் போட்டுவிடும். கடைக்காரர் போன் செய்யும் முன்பே வேலை முடிந்திருக்கும்.

"அண்ணே, இதை டெவலப்மென்ட்ல சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பேனாப்பா? டிக்கெட் போட்டா எங்க மெஷின்ல வரலைன்னு மூடிடறாங்க. அதுவரைக்கும் கடைக்காரர் காத்துக்கிட்டு இருப்பாரா?"

காரணம் மிக எளிமையானது. கடைசி பில் எண்ணை எடு, ஒன்று கூட்டு, புதிய பில்லாகச் சேமி என்று நிரல் எழுதப்பட்டிருந்தது. ஒரு கவுண்டர் உள்ள கடையில் எந்நாளும் சிக்கல் வராது. இரண்டு கவுண்டரில் ஒரே நொடியில் பிரிண்ட் அழுத்தினால் இரண்டும் 4,217 என்ற எண்ணைப் படிக்கும், இரண்டுக்கும் 4,218 விழும். நிரலாளரின் கணினியில் அவர் ஒருவர்தான் அழுத்துகிறார், அதனால் அங்கே வராது. ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டில் ஒரு எண் ஒரு பில்லுக்குத்தான் இருக்க வேண்டும். டேட்டாபேஸில் எண்ணை மாற்றினாலும், பொருள் வாங்கியவர் கையில் போன காகிதத்தில் பழைய எண்ணே இருக்கிறது. ஆக, அந்த எஸ்க்யூஎல் ஒரு தவறை எடுத்து இன்னொரு தவறாக மாற்றியதே தவிர, சரிசெய்யவில்லை.

தீர்வு இரண்டு பகுதி. கடை, நிதியாண்டு, பில் எண் மூன்றும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று டேட்டாபேஸிலேயே கட்டுப்பாடு போடுங்கள், இரட்டை எண் உள்ளே நுழையவே முடியாது. எண் வழங்கும் வேலையை ஒரு நேரத்தில் ஒருவர்தான் செய்ய முடியும்படி பூட்டு போட்டு, பில் சேமிக்கும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் கொண்டுவாருங்கள். சோதிக்க, இரண்டு கணினியிலிருந்து ஒரே நேரத்தில் ஆயிரம் பில் அனுப்பும் ஒரு சிறு நிரல் போதும். அனுபவமுள்ள ஒருவருக்கு இது அதிகபட்சம் சில நாள் வேலை.

உங்கள் இடத்தில் இப்படி எத்தனை நோட்பேட் ஃபைல் இருக்கிறது? ஒரு காலை முழுக்க சப்போர்ட் ஆட்களோடு உட்காருங்கள். அவர்கள் வைத்திருக்கும் எஸ்க்யூஎல் துண்டுகள், "கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்துவிட்டுப் பாருங்கள்", "லாகவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள்" போன்ற தயார்ப் பதில்கள், எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றும் ஒரு திறந்த டிக்கெட். இனிமேல் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும், எந்தக் கடைக்கு, எப்போது என்று பதிவாக வேண்டும். அந்தப் பதிவை வாராவாரம் முதலாளிக்கு அனுப்புங்கள். ஒன்று முக்கியம்: அந்தத் துண்டுகளை எழுதியவரைக் குற்றம் சொல்லாதீர்கள். உங்கள் மென்பொருள் எங்கே உடைகிறது என்று நிறுவனத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நிரலாளருக்குப் பக்கத்தில் அவரை உட்கார வையுங்கள்.

அறிகுறி: புதிது புதிதாக ஏதேதோ வருகிறது, பழைய பக் இருந்த இடத்திலேயே இருக்கிறது

எவர்நோட் என்ற குறிப்பெடுக்கும் ஆப்பைப் பயன்படுத்தியவர்களுக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கும். 2012-ல் நிறுவனத்தின் மதிப்பு 100 கோடி டாலர் என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே பக்கக் கிளைகள் முளைத்தன: படத்தில் குறிப்பெழுத ஸ்கிட்ச், சாப்பாட்டை நினைவில் வைக்க எவர்நோட் ஃபுட், சந்தித்த மனிதர்களை நினைவில் வைக்க எவர்நோட் ஹலோ. 2013-ல் எவர்நோட் மார்க்கெட் என்று ஒரு கடையே திறந்தார்கள். தோள்பை, ஸ்கேனர், ஸ்டைலஸ், காலுறை வரை விற்றார்கள். அதே காலத்தில் ஒரே குறிப்பு இரண்டு கருவியில் இரண்டு விதமாக மாறி நின்றது, சில பேருக்குக் குறிப்பே காணாமல் போனது. 2014 ஜனவரியில், நீண்ட நாள் பயனரான தொழில்நுட்பச் செய்தியாளர் ஒருவர் தன் ஒலிப்பதிவுக் குறிப்பு கெட்டுப்போனதை விவரமாக எழுதினார். அப்போதைய தலைமை நிர்வாகி ஃபில் லிபின் மறுக்காமல், தரம் குறைந்துவிட்டது உண்மை என்று பதில் எழுதினார். நேர்மையான பதில், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் அவர்கள் அறிவித்த பெரிய விஷயம் ஆப்புக்குள்ளேயே அரட்டை அடிக்கும் வசதி.

2015-ல் 47 பேரை வேலையிலிருந்து எடுத்தார்கள், மூன்று அலுவலகங்களை மூடினார்கள், எவர்நோட் ஃபுட் நின்றது. அடுத்த ஆண்டு கடையும் போனது. 2018-ல் தலைமைக்கு வந்த இயன் ஸ்மால், விண்டோஸ், மேக், ஐஃபோன், ஆண்ட்ராய்டு, வெப் எல்லாம் தனித்தனி நிரலாக, தனித்தனி பக்குகளோடு ஓடிக்கொண்டிருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். அடித்தளத்தைத் திருத்தி எழுதி 2020-ல்தான் வெளியிட முடிந்தது. 2022 இறுதியில் இத்தாலியின் பென்டிங் ஸ்பூன்ஸ் வாங்குவதாக அறிவித்தது. மறு ஆண்டே பெரும்பாலான ஊழியர்கள் வெளியே.

புதிய தயாரிப்பு தொடங்குவது தவறில்லை. அதற்கு யாரை அனுப்புகிறீர்கள் என்று பாருங்கள். கடந்த ஓராண்டில் அடிப்படை நிரலில் மாற்றம் செய்தவர்களின் பெயர்களை நிரல் களஞ்சியத்திலிருந்து எடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர் என்று பக்கத்தில் எழுதுங்கள். பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவர்களே நிறைந்து, மூத்தவர்கள் எல்லாம் புதிய தயாரிப்பில் இருந்தால், நோய் அங்கேதான். பக் சரிசெய்வதைத் தண்டனை வேலையாக ஆக்கியிருக்கிறீர்கள். சம்பள உயர்வுக் கூட்டத்தில் யார் பெயர் வருகிறது என்பதையும் பாருங்கள். அறிவிப்பு மேடையில் நின்றவருக்குப் பதவி உயர்வு, சிங்க் கோளாறை (கருவிக்குக் கருவி குறிப்பு மாறிப்போவதை)த் தீர்த்தவருக்கு 'நன்றி' மின்னஞ்சல் என்றால், அடுத்த ஆண்டு யாரும் சிங்க் பக்கம் போகமாட்டார்கள்.

அறிகுறி: தேதி சொல்லியாகிவிட்டது, இருப்பதை வெளியிடுவோம் என்கிறார்கள்

90-களில் நம் ஊர் கம்ப்யூட்டர் சென்டர்களில் படித்தவர்களுக்கு டிபேஸ் த்ரீ பிளஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் பாடத்திட்டத்தில் இருந்தது நினைவிருக்கும். அதைத் தயாரித்த கலிஃபோர்னியாவின் ஆஷ்டன்-டேட் அந்தத் துறையின் ராஜா. 1988 பிப்ரவரியில் டிபேஸ் ஃபோர் என்று அறிவித்தது, சொன்ன தேதி தவறி அக்டோபரில் வெளியிட்டது. பக்குகள் குவிந்து கிடந்தன. திருத்திய 1.1 பதிப்பு வந்தது 1990 ஜூலையில். நடுவில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. வெளியிட்ட அடுத்த மாதமே நிறுவனம் தீவிரமாகச் செய்த காரியம், டிபேஸ் நிரல்களை இன்னும் வேகமாக ஓட்டிக் காட்டிய ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் மீது வழக்குப் போட்டது. டெவலப்பர்கள் ஃபாக்ஸ் பக்கமும் மற்றவர்கள் பக்கமும் நகர்ந்தார்கள். 1991-ல் போர்லண்ட் ஆஷ்டன்-டேட்டையே விலைக்கு வாங்கியது. பிறகு நம் சென்டர்களிலும் பாடம் ஃபாக்ஸின் ஃபாக்ஸ்புரோ ஆனது.

சோதனை: வெளியிடலாமா என்று கேட்கும் கூட்டத்தில், 'வேண்டாம்' என்று சொல்லி நிறுத்தும் அதிகாரம் யாருக்காவது இருக்கிறதா? சோதனைக் குழு கருத்து சொல்லலாம், ஆனால் தேதி மாறாது என்றால், அந்தக் கூட்டத்தால் பயனில்லை. முதல் பகுதியில் எழுதிய ஒற்றை வரியைத் தொடும் பக் ஒன்று திறந்திருந்தாலும் ரிலீஸ் நிற்கும் என்று எழுத்தில் விதி வையுங்கள். மற்ற பக்குகளோடு வெளியிடலாம், தவறில்லை.

அறிகுறி: "மொத்தமாகப் புதிதாக எழுதிவிடலாம்" என்ற பேச்சு

கோளாறை நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இது. பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப் தன் பழைய நிரலை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதப் போய், 4-ஆம் பதிப்பு வந்த 1997-க்குப் பிறகு 6-ஆம் பதிப்பை 2000 நவம்பரில்தான் தர முடிந்தது, அதுவும் கோளாறுகளோடு. மைக்ரோசாஃப்ட் விண்டோஸுடன் தன் பிரவுசரை இலவசமாகக் கொடுத்த காலத்தில் அந்த இடைவெளி தாங்க முடியாதது. அண்மையில் ஸ்பீக்கர் நிறுவனமான சோனோஸ் 2024 மே மாதம் தன் ஆப்பை அடியோடு மாற்றியது. அலாரம், ஸ்லீப் டைமர் போன்ற அன்றாட வசதிகள் அதில் இல்லை. திருத்துவதற்கு 2 முதல் 3 கோடி டாலர் ஆகும் என்றார்கள். பழைய ஆப்பைத் திரும்பக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று அதையும் கைவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் தலைமை நிர்வாகி வெளியேறினார்.

புதிதாக எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். துண்டு துண்டாக மாற்ற ஏன் முடியாது? சிக்கலானால் அன்று மாலைக்குள் பழையதற்குத் திரும்ப வழி என்ன? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் தொடங்க வேண்டாம்.

நிறுத்திச் சரிசெய்வது எப்படி

அறிகுறி உறுதியானால், புதிய வசதிகளை நிறுத்திவிட்டு ஆட்களைக் கோளாறின் மீது திருப்புவதுதான் வழி. செய்ய முடியாத காரியம் இல்லை. லிங்க்ட்இன் 2011 மே மாதம் பங்குச்சந்தைக்கு வந்தது, அதே நவம்பரில் இரண்டு மாதம் புதிய வசதி எதுவும் கிடையாது என்று அறிவித்து, நிரலை வெளியிடும் முறையையும் உள்கட்டமைப்பையும் திருத்தியது. கோட் ரெட், நிம்டா என்ற கணினிப் புழுக்களின் தாக்குதல்களுக்குப் பிறகு 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் மைக்ரோசாஃப்டின் எல்லா ஊழியர்களுக்கும் பாதுகாப்பே முதல் வேலை என்று எழுதினார். விண்டோஸ் குழுவில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் வழக்கமான வேலையை நிறுத்திவிட்டு நிரலைப் பாதுகாப்பு நோக்கில் படித்தார்கள். இரண்டு நிறுவனமும் அதனால் அழிந்துபோகவில்லை.

நிறுத்தும்போது சறுக்குவது பெரும்பாலும் மூன்று இடத்தில். விற்பனைக் குழு ஏற்கெனவே வாக்குக் கொடுத்த வசதிகள் பின்வாசல் வழியாக உள்ளே வரும். அந்தக் கஸ்டமர்களிடம் நிறுவனத் தலைவரே போன் செய்து தாமதத்தைச் சொல்ல வேண்டும், விற்பனை ஆளை மாட்டிவிடக் கூடாது. அடுத்து, தேதி வந்ததும் சரியாகிவிட்டதாக அறிவிப்பார்கள். முடிவைத் தேதியால் வைக்காமல் அளவால் வையுங்கள்: பெரிய கணக்கில் பக்கம் 2 விநாடிக்குள், இரட்டை எண் ஒரு மாதத்துக்கு ஒன்றுகூட இல்லை என்பது போல. கடைசியாக, சுவாரசியமான பகுதியை மாற்றி எழுதி மகிழும் நிரலாளர்கள். டிக்கெட் பட்டியலில் இல்லாத எதையும் இந்தக் காலத்தில் தொட வேண்டாம்.

மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை என்றால்

விட்டுப் போன கஸ்டமர்களில் சிலருக்கு நீங்களே போன் செய்யுங்கள். வெளியேறும்போது படிவத்தில் 'விலை அதிகம்' என்று தட்டியிருப்பார்கள், ஏனென்றால் அதைத் தட்டுவது எளிது. பேசினால்தான் "மாசக் கடைசியில ரிப்போர்ட் வரவே வராதுங்க" என்று வரும். அனுமதி வாங்கி அந்த உரையாடலைப் பதிவுசெய்து, முதலாளிக்குப் போட்டுக் காட்டுங்கள். அறிக்கையில் எழுதினால் புரட்டிவிட்டுப் போய்விடுவார், குரலைக் கேட்டால் கேள்வி கேட்பார்.

அப்புறம் பட்டியலில் மிகச் சிறிய கோளாறு ஒன்றை எடுத்து, கிடைக்கும் நேரத்தில் தீர்த்து, அதற்கு முந்தைய மாதமும் பிந்தைய மாதமும் வந்த சப்போர்ட் அழைப்புகளின் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு முழு நிறுத்தத்துக்குச் சம்மதிக்காதவர்கள்கூட இதைப் பார்த்து ஒரு நிரலாளரை ஒதுக்குவார்கள். அந்த ஒருவரிலிருந்து தொடங்கலாம்.

அதுவும் கிடைக்கவில்லை என்றால், கோளாறு எது, யார் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்பதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். பிறகு கஸ்டமர்கள் தங்கள் டேட்டாவை வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பட்டன் முழுமையாக வேலை செய்கிறதா என்று, உங்கள் மிகப் பெரிய கணக்கை வைத்துச் சோதித்துப் பாருங்கள். பாதியில் நின்றால் அதை உடனே சரிசெய்யுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.